கம்பம் பால்கனியில், நகம் சோபாவில்

கேள்வி: எங்கள் பூனை சுட்டிக்கு ஒன்றரை வயது. ஆண், கருத்தடை செய்யவில்லை. நான்கு மாதத்துக்கு முன் தாம்பரத்தில் இரண்டாம் மாடி வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். வந்தபின் வாங்கிய துணி சோபாவின் கையை நார் நாராகக் கிழித்துவிட்டது. ஆன்லைனில் ஒரு பிறாண்டும் கம்பம் வாங்கி, ஹால் குப்பையாகக் கூடாதென்று பால்கனியில் வைத்தோம். ஒருநாள்கூடத் தொடவில்லை. இரவில் திரைச்சீலையில் ஏறுகிறது, சார்ஜர் வயரைக் கடிக்கிறது. மாமியாரின் துளசித் தொட்டியைத் தோண்டி அசிங்கம் செய்கிறது. ஒரு மாதமாக வாசலோரச் செருப்பு ஸ்டாண்டில் சிறுநீர் வேறு அடிக்கிறது. மிளகாய்த்தூள் தூவினோம், தண்ணீர் பீய்ச்சினோம், அதட்டினோம். பயனில்லை. நகத்தையே எடுத்துவிடும் ஆபரேஷன் இருக்கிறதாமே? மாமியாரோ, மீன் மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள் புகார்களில் சோபாதான் முதலில் நிற்கிறது. ஆனால் அவசரம் செருப்பு ஸ்டாண்டுக்குத்தான். சோபா ஒரு மாதம் பொறுக்கும். சிறுநீர் விஷயம் நாள்பட்டால் பழக்கமாக ஊறிவிடும், பிறகு கருத்தடை செய்தாலும் முழுதாகப் போகாது. அதோடு, அது உண்மையிலேயே 'அடிப்பது'தானா, இல்லை உடம்புக்கு ஏதாவதா என்று இன்றே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எல்லை குறிக்கும் பூனை நின்றபடி, பின்பக்கத்தைச் செங்குத்தான பரப்புக்குக் காட்டி, வாலை விறைப்பாகத் தூக்கி, நுனி நடுங்க, கொஞ்சமாகப் பீய்ச்சும். ஈரம் சுவரிலோ ஸ்டாண்டின் பக்கவாட்டிலோ முக்கால் அடி, ஒரு அடி உயரத்திலிருந்து கீழே வழிந்திருக்கும். சிறுநீர்ப்பை நோவு உள்ள பூனை தரையில் குந்தும், அடிக்கடி குந்தும், சொட்டுச் சொட்டாக விடும், சில சமயம் கத்தும், அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கும். ஆண் பூனை குந்திக் குந்தி முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிரே போய்விடும் நிலை அது. கையில் இருக்கிற பாராசிட்டமால் மாத்திரையைக் கால் துண்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சுட்டி எல்லை குறிப்பதாகத்தான் தோன்றுகிறது. ஒன்றரை வயது, கருத்தடை ஆகாத ஆண், புது வீடு, இடம் வாசல் ஓரம். எல்லாம் பொருந்துகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படியில் தெருப் பூனைகள் நடமாடாத இடம் அரிது. அவற்றின் வாசனை கதவிடுக்கு வழியே வரும், மீதியை உங்கள் செருப்பே தெருவிலிருந்து ஏற்றிவரும். வீட்டுக்குள் அந்நிய வாசனை வந்து சேரும் இடத்தில் சுட்டி தன் கையெழுத்தைப் போடுகிறது. கோபமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை.

கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்தாறு மாத வயதிலேயே செய்திருக்கலாம். இப்போதும் தாமதமில்லை. ஆண் பூனைக்கு இது சிறிய அறுவை, பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம். செய்துகொண்ட ஆண் பூனைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது அடிப்பதை நிறுத்திவிடும், அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். மறுநாளே நிற்கவில்லையே என்று பதறாதீர்கள். பழக்கம் அடங்கச் சில வாரம் ஆகலாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம், உங்கள் பக்கத்துத் தனியார் மருத்துவரிடமும் செய்துகொள்ளலாம். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். முந்தின இரவிலிருந்து எத்தனை மணி நேரம் சாப்பாடு நிறுத்த வேண்டும் என்பதை அந்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை ஸ்டாண்டைச் சுத்தம் செய்யும் முறையை மாற்றுங்கள். பெரும்பாலான வீடுகளில் கை போவது ஃபினாயில் பாட்டிலுக்கு. அது இரண்டு வகையில் தப்பு. பீனால் கலந்த எதையும் முறித்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் ஈரல் சரியாகச் செய்யாது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். வெள்ளை ஃபினாயிலில் சேரும் பைன் எண்ணெயும் அப்படித்தான். இரண்டாவது, ஃபினாயில் நம் மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கிறது, பூனையின் மூக்குக்கு அடியில் பழைய கையெழுத்து அப்படியே இருக்கும். அம்மோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், அதன் நெடியே சிறுநீர் நெடி.

செய்ய வேண்டியது இது. ஈரம் புதிதென்றால் பழைய பேப்பரால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். என்சைம் கலந்த திரவச் சலவை சோப்பு ஒரு பங்குக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, கறை தெரியும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சேர்த்து நனைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கொதிநீர் வேண்டாம், என்சைம் செத்துவிடும். நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, கடைசியாக சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒரு முறை துடையுங்கள். வார்னிஷ் பூசிய மரமென்றால் ஸ்பிரிட்டை முதலில் ஓரத்தில் வைத்துப் பாருங்கள், பூச்சு கரையலாம். நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று கிடைத்தால், இரவில் விளக்கணைத்து அடித்துப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்காத நாலு இடம் மங்கலாக ஒளிரும். அவற்றையும் கழுவினால்தான் வேலை முடிந்தது. பார்ட்டிகிள் போர்டு ஸ்டாண்டின் வெட்டு முனையில் சிறுநீர் இறங்கி ஊதியிருந்தால் எந்தக் கழுவலும் பயன்படாது, அந்தப் பலகையை மாற்றுங்கள். செருப்புகளை மூடியுள்ள பெட்டிக்கோ வாசலுக்கு வெளியிலோ கொண்டுபோங்கள். கழுவிக் காய்ந்த இடத்தில் சுட்டியின் சாப்பாட்டுக் கிண்ணத்தைச் சில வாரம் வையுங்கள். தின்னுகிற இடத்தில் பூனைகள் பொதுவாக அடிப்பதில்லை.

இனி சோபா. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: கம்பம் பால்கனியில்.

பூனை பிறாண்டுவது மூன்று வேலைக்காக. நகத்தின் வெளி உறை பழையதானதும் அதை உரித்துப்போட வேண்டும் (சோபா அடியில் பெருக்கினால் பிறைநிலா மாதிரி நகத்தோல் கிடைக்கும், கவனியுங்கள்). தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டி முறிக்க வேண்டும். பாதத்தின் விரலிடுக்கில் உள்ள சுரப்பிகளின் வாசனையை, கண்ணுக்குத் தெரியும் கோடுகளோடு சேர்த்து ஓர் இடத்தில் பதிக்க வேண்டும். முதல் இரண்டையும் பால்கனியில் செய்யலாம். மூன்றாவதை அங்கே செய்து என்ன லாபம்? ஆள் நடமாடும், எல்லோரும் உட்காரும், குடும்பத்தின் வாசனை ஊறிய இடத்தில் பதித்தால்தான் அதற்குப் பொருள். ஹாலில் அப்படிப்பட்ட பொருள் சோபாவின் கைதான். எனவே 'சோபாவை எப்படிக் காப்பாற்றுவது' என்று தொடங்குவதைவிட, அதன் பக்கத்திலேயே அதைவிட நல்லதாக எதை நிறுத்துவது என்று தொடங்குங்கள். தடுப்பு வேலை அதற்குப் பிறகு. வரிசையை மாற்றி முதலில் தடுத்தால், பூனை சோபாவை விட்டுக் கட்டில் தலைமாட்டுக்கோ வீட்டுக்காரரின் கதவு நிலைக்கோ போகும். வாடகை வீட்டில் அது சோபாவைவிடச் செலவு.

ஆன்லைனில் வரும் மலிவுக் கம்பங்கள் பலவற்றில் இரண்டு குறை. உயரம் ஒன்றரை அடிதான் இருக்கும். வளர்ந்த பூனை பின்காலில் நின்று முன்காலை முழுதாக நீட்ட இரண்டரை அடிக்கு மேல் வேண்டும். அடிப்பலகையும் லேசாக இருக்கும். இழுக்கும்போது ஒருமுறை ஆடினாலோ சாய்ந்தாலோ போதும், பூனை அதை ஜென்மத்துக்கும் நம்பாது. சோபா ஆடுவதில்லை, அதுதான் சோபாவின் பெருமை.

நல்ல கம்பத்தை வீட்டிலேயே செய்துவிடலாம். சவுக்குத் தொட்டியில் 4 அங்குலக் குறுக்களவில், கோணல் இல்லாத, நன்றாகக் காய்ந்த சவுக்குக் கட்டை 3 அடி நீளத்துக்கு அறுத்து வாங்குங்கள். பச்சைக் கட்டை வேண்டாம், காய்ந்து சுருங்கும்போது சுற்றிய கயிறு தளர்ந்து வளையல் மாதிரி கீழே இறங்கிவிடும். அடிப்பலகைக்கு 2 அடிக்கு 2 அடி, முக்கால் அங்குல பிளைவுட். பலகையின் நடுவில் கீழிருந்து நான்கு துளை போட்டு, கட்டையிலும் அதே இடத்தில் சிறு துளை போட்டுக்கொண்டு, 3 அங்குல மர ஸ்குரூ நான்கு முடுக்குங்கள். முன்துளை போடாமல் முடுக்கினால் சவுக்கு பிளக்கும். பலகையின் மேல்பக்கம், கட்டையின் அடியைச் சுற்றி 'எல்' வடிவ இரும்பு ஆங்கிள் நான்கு. ஸ்குரூ தலை தரையைக் கீறாமலிருக்கப் பலகையின் அடியில் பழைய கால்மிதி ரப்பரை ஒட்டிவிடுங்கள். கையால் மேல்முனையைப் பிடித்துப் பலமாக இழுங்கள். ஆடினால் ஸ்குரூவை இறுக்குங்கள், இல்லையென்றால் பலகைமேல் ஒரு கருங்கல்லோ இரண்டு செங்கல்லோ ஏற்றுங்கள்.

சுற்ற 8 மில்லிமீட்டர் கற்றாழை நார்க் கயிறு. கணக்கு எளிது: ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். கீழே ஆங்கிளுக்கு விட்டது போக 75 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுமார் 94 சுற்று வரும், 32 மீட்டர். 35 மீட்டராக வாங்கிவிடுங்கள், பாதியில் முடிச்சுப் போட்டால் அங்கே நகம் மாட்டும். 6 மில்லிமீட்டர் கயிறென்றால் 45 மீட்டர். வாங்குமுன் முகர்ந்து பாருங்கள். சில கயிறுகளில் மட்காமலிருக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், மண்ணெண்ணெய் மாதிரி நெடி வரும், பூனை ஒதுக்கிவிடும். நைலான் கயிறு வழுக்கும், நார் பிரியாது, வேண்டாம். தேங்காய் நார்க் கயிறு பரவாயில்லை, ஆனால் தினம் பெருக்க வேண்டியிருக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் அரிசிச் சாக்கு, பிளாஸ்டிக் சாக்கல்ல, சணல் கோணி, இரட்டையாக மடித்து இறுக்கிக் கட்டுங்கள். பல பூனைகளுக்குக் கயிற்றைவிட இதுதான் பிடிக்கும். கயிற்றின் இரு முனையிலும் ஆணியடித்து, இடையிடையே ஃபெவிகால் தடவி, ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் சுத்தியலால் கீழ்நோக்கித் தட்டி நெருக்கிக்கொண்டே போங்கள். நகம் படும் பகுதியில் ஆணித்தலை இருக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

இப்போது இடம். சோபாவின் கிழிந்த கைக்கு முன்னால், ஒரு அடிக்குள். ஹாலின் அழகு கெடும், தெரியும். ஒரு மாதத்துக்குத்தான். கம்பம் நின்ற அன்றே சோபாக் கையைத் தொட விரும்பாத பரப்பாக்குங்கள். 2 அங்குல இரட்டைப்பக்க டேப்பை மேலிருந்து கீழாக மூன்று பட்டையாக ஒட்டினால் பாதம் பிசுபிசுக்கும், பூனைக்கு அது ஆகவே ஆகாது. தோல் அல்லது ரெக்சின் சோபாவில் டேப் பூச்சை உரித்துவிடும். அதற்குச் சாப்பாட்டு மேசைக்குப் போடும் தடித்த கண்ணாடி பிளாஸ்டிக் விரிப்பை வெட்டி, கையைச் சுற்றி இழுத்து அடியில் செருகுங்கள், நகம் பிடிக்காமல் வழுக்கும். ஏற்கெனவே பிரிந்த இழைகளை இழுத்து அறுக்காதீர்கள். தடித்த ஊசியால் உள்பக்கம் தள்ளிவிட்டு, மேலே இறுக்கமான உறை போடுங்கள். தொங்கும் இழை ஒவ்வொன்றும் பூனைக்கு அழைப்பிதழ். அடுத்த சோபா வாங்கும்போது கரடான சணல், லினன் நெசவைத் தவிர்த்து, கண் இல்லாத நெருக்கமான வெல்வெட் வகையைப் பாருங்கள்.

பூனையின் பாதத்தைப் பிடித்துக் கம்பத்தில் தேய்த்துக் காட்டும் வழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பிடித்து வைத்த இடம் என்று அதைக் கண்டாலே ஓடும். கம்பு நுனியில் கட்டிய துணியைக் கம்பத்தின்மேல் ஏற்றியிறக்கி விளையாட்டுக் காட்டுங்கள். தாவிப் பிடிக்கும்போது நகம் தானாகக் கயிற்றில் பதியும். பதிந்த அந்த இரண்டு மூன்று விநாடிக்குள் உப்பில்லாமல் வேகவைத்த கோழியில் சுண்டைக்காய் அளவு ஒரு துண்டு. நேரம் தப்பினால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது.

நம் ஊரில் ஒரு வசதி உண்டு. குப்பைமேனிக்குச் சித்த மருத்துவ வழக்கில் 'பூனைவணங்கி' என்றும் பெயர். காரணப்பெயர்தான். வேரோடு பிடுங்கிய குப்பைமேனியின் வேர் வாசனையில் பூனை மயங்கி உருளும், உரசும். ஒரு செடியைப் பிடுங்கி, மண் உதறி, வேரைக் கசக்கிக் கயிற்றில் மேலிருந்து கீழாக நன்றாகத் தேய்த்துவிட்டுச் செடியை வெளியே எறிந்துவிடுங்கள். தேய்க்க மட்டும்தான், தின்ன விடக் கூடாது. எல்லாப் பூனையும் மயங்காது. சுட்டி திரும்பிப் பார்க்காவிட்டால் கோழித்துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு வாரம் தொடர்ந்து கம்பத்தையே பயன்படுத்தினால், தினம் நான்கு விரற்கடை அளவுக்கு நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரே நாளில் மூலைக்குத் தள்ளினால் மறுநாள் சோபாதான். பால்கனிக்கு மட்டும் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். கயிறு பிய்ந்து அலங்கோலமானதும் புதுக் கயிறு சுற்ற வேண்டாம். அந்த அலங்கோலம்தான் சுட்டிக்குச் சொந்தம். கயிறு வளையமாகத் தொங்கி நகம் மாட்டும் நிலை வந்தால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றுங்கள். பழைய கம்பத்தைத் தூக்கிப் போடாமல், ஒன்றரை அடிதானே, ஆடாதபடி கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தூங்கி எழும் இடத்தில் அதற்கும் வேலை இருக்கும்.

நகத்தை எடுக்கும் ஆபரேஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் எடுப்பது நகத்தை மட்டுமல்ல, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் சேர்த்து. நம் விரல்களை முதல் கணுவோடு வெட்டுவதற்குச் சமம். இங்கிலாந்தில் தடை, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-ல் தடை செய்தது. நம் நாட்டிலும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு விலங்கை ஊனப்படுத்துவதைக் குற்றமென்கிறது. வலிக்கும் பாதத்தோடு, கழிப்பதற்கு வைத்த மணல் தட்டில் கால் வைக்கப் பயந்து வீடெங்கும் சிறுநீர் கழிக்கும் பூனையாக மாறும் அபாயமும் உண்டு, கடிக்கவும் தொடங்கலாம். அதற்குப் பதில் இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை நுனி வெட்டுங்கள். முன்காலில் ஒன்றுக்கு ஐந்து, கட்டைவிரல் மாதிரி உள்பக்கம் இருப்பதை மறக்காதீர்கள், அது தேயாமல் வளைந்து தசைக்குள்ளேயே குத்தும். பூனைக்கான நகவெட்டி வாங்குங்கள். மழுங்கியது நகத்தைப் பிளக்கும். விரல் மெத்தையை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தக்குழாய். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு நகமென்றால் வளைந்த கூர்நுனியை மட்டும். தவறி ரத்தம் வந்தால் சோளமாவைத் தொட்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஒரு கால், நாளைக்கு இன்னொரு கால். ஒரே மூச்சில் முடிக்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.

மிளகாய்த்தூளை இன்றே பெருக்கிவிடுங்கள். பாதத்தில் ஒட்டி, முகம் கழுவும்போது கண்ணுக்குப் போகும். யாராவது அந்துருண்டை, கற்பூரம், நீலகிரித் தைலம் என்று சொல்வார்கள், மூன்றும் பூனைக்கு நஞ்சு. ஆரஞ்சுத் தோலும் தின்றால் பூனைக்கு ஆகாது, அதோடு வாசனை போனதும் பயனும் போய்விடும். தண்ணீர் பீய்ச்சினால், நீங்கள் இருக்கும்போது பிறாண்டக் கூடாது என்ற ஒரே பாடத்தைப் பூனை கற்கும். நீங்கள் தூங்கியபின் பிறாண்டும். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

திரைச்சீலையும் வயரும் ஒரே வியாதியின் இரு குறி: பகலெல்லாம் தூங்கிய வேட்டை மிருகம் இரவில் சும்மா இருக்கிறது. பூனை சுறுசுறுப்பாகும் நேரம் அந்தியும் விடிகாலையும். இரவு படுக்கப் போகுமுன் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு விளையாட்டுக் காட்டி, கடைசியில் பிடித்துக்கொள்ள விட்டு, உடனே அன்றைய கடைசிச் சாப்பாட்டைப் போடுங்கள். வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம், தூக்கம் என்பது அதன் உடம்பில் உள்ள வரிசை. மாலையிலும் ஒருமுறை இதே மாதிரி. நாள் முழுச் சாப்பாட்டை ஒரே கிண்ணத்தில் கொட்டாமல் நான்கைந்தாகப் பிரியுங்கள். லேசர் விளக்கு வேண்டாம், எதுவும் கையில் சிக்காமல் வெறிதான் ஏறும். விளையாடிய கயிற்றுக் கம்பைப் பீரோவில் பூட்டுங்கள். தலையிலிருந்து எடுத்துப்போட்ட பூச்சரத்தின் நாரும் நூலும் அப்படியே. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஏறுவதற்குத் திரையைத் தவிர வேறு வழி கொடுங்கள். ஜன்னலோரம் ஓர் அடி அகலப் பலகை, அல்லது அலமாரித் தலைக்கு ஏறிப்போகும்படி நடுவில் ஒரு ஸ்டூல் போதும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. பலகைமேல் பழைய பாயைக் கட்டினால் வழுக்காது. திரையை ஒரு மாதம் பாதி உயரத்துக்கு முடிந்து வையுங்கள். ஜன்னலில் இருப்பது பிளாஸ்டிக் கொசுவலை என்றால் சுட்டியின் எடைக்குக் கிழியும். இரண்டாம் மாடி, எவர்சில்வர் (எஸ்.எஸ்.) கம்பிவலைக்கு மாற்றிவிடுங்கள். பால்கனிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வயர்களைச் சுவரோரம் கேசிங்குக்குள் அடையுங்கள், தொங்குவதற்குச் சுருள் உறை போடுங்கள், சார்ஜரைப் பயன்படுத்தாதபோது கழற்றி உள்ளே வையுங்கள். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், உங்களுக்கும் அது நல்லது. ஒருவேளை ஷாக் அடித்துவிட்டால் மெயினை அணைத்த பிறகே பூனையைத் தொடுங்கள். எழுந்து நடந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்ப்புண் கண்ணுக்குத் தெரியும், நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

துளசித் தொட்டியில் மாமியாரின் கோபம் நியாயமானது. சுட்டிக்குத் தோண்ட நல்ல மண் வேறெங்கும் இல்லை என்பதும் நிஜம். உங்கள் கடிதத்தில் மணல் தட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் சொல்கிறேன். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளம், இரண்டும் வெவ்வேறு இடத்தில், வாஷிங் மெஷின் உதறும் இடத்துக்கு எட்டி. வாசனை போடாத மணல், 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம். காலையும் மாலையும் அள்ள வேண்டும். வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். கடை மணலைத் தொடவில்லையென்றால், தோண்டி ருசி கண்ட தொட்டி மண்ணையே இரண்டு பிடி எடுத்து மேலே தூவுங்கள், இடம் மாறியதைப் புரிந்துகொள்ளும். மார்க்கெட்டில் விடும் யோசனைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: பட்டினி கிடக்கும்படி வளர்ப்பு மிருகத்தைக் கைவிடுவதும் அதே 11-ஆவது பிரிவில்தான் வருகிறது.

தொட்டியில் மேல் மண் மூன்று அங்குலத்தை எடுத்துவிட்டுப் புது மண் போட்டு, அடித்துளை வழியே வடியும்வரை இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றுங்கள். பூனை மூத்திரத்தின் உப்பு தங்கினால் துளசி இலைநுனி கருகும். கோழிவலையை வட்டமாக வெட்டி, நடுவரை ஒரு வெட்டுப் போட்டுத் தண்டைச் சுற்றிப் படுக்கவைத்து, வெட்டிய கம்பிமுனைகளை உள்பக்கம் மடக்குங்கள். மேலே எலுமிச்சம்பழ அளவுக் கூழாங்கற்கள். தண்ணீர் ஊற்றத் தடையில்லை, பாதம் வைத்துத் தோண்ட வழியில்லை. பழைய மண்ணைக் கையுறை போட்டே அள்ளுங்கள். பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். வெளியேறிய ஒன்று முதல் ஐந்து நாளில்தான் அது தொற்றும் நிலைக்கு வரும். மணல் தட்டைத் தினம் அள்ளச் சொல்வது அதற்காகவும்தான். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். மண் மாற்றிய பிறகும், துளசி இலையைப் பறித்து வாயில் போடுமுன் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லி மாமியாரிடம் சொல்லுங்கள்.